அரிசிச் சிப்பத்துக்கு மாத்திரை போடலாமா, டாக்டர்?

ஏற்காட்டுக்கு அப்பால், ஒரு காபித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் தோட்டத்து மேஸ்திரியான கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், பிரசவம் முடிந்து வந்திருக்கும் நாத்தனார், அவருடைய இரண்டு மாதக் கைக்குழந்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, கரண்ட்டும் போய், கடைக்குச் சரக்கு வராமல் நின்றபோது அவர்கள் வீட்டில் அரிசி டின் அடி தட்டிவிட்டது. அதற்குப் பிறகு கணவர் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே சேலம் லீ பஜாருக்கு இறங்கிப் போய் மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறார். இந்த முறை 25 கிலோ சிப்பமாக எட்டு சிப்பம் அரிசி, பத்துப் பத்துக் கிலோவாகத் துவரை, பாசிப்பயறு, உளுந்து, கூடவே மைதா, ரவை, கோதுமை மாவு. எல்லாம் படுக்கையறையை ஒட்டிய பத்தடிக்குப் பத்தடி அறையில் தரையோடு தரையாக அடுக்கியிருக்கிறது.

இப்போது அரிசியில் வண்டு, பயறில் ஓட்டை, ரவையில் நூலாம்படை மாதிரி கூடு. ராத்திரியானால் எலி ஓடுகிறது. மாமியார் சாமை டின்னிலும் குழந்தைத் துணி வைக்கும் அலமாரியிலும் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார். கணவர் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒரு டப்பாவும், எலிப் பசை ஒரு டியூபும் வாங்கி வந்திருக்கிறார். சிப்பத்துக்கு ஒரு மாத்திரையைத் துணியில் முடிந்து செருகி, ராத்திரி கதவைச் சாத்திவிட்டுக் காலையில் திறந்தால் போதும் என்பது அவர் கணக்கு. வாசகி ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வருகிறார். "அரசாங்கக் குடோனிலேயே இதைத்தான் போடுகிறார்கள், அந்த அரிசியைத்தானே இத்தனை வருஷம் தின்கிறோம் என்று அவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வண்டு விழுந்த அரிசியைச் சாப்பிடலாமா, கொட்டிவிட வேண்டுமா என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் தள்ளிப்போட்டது சரி. அந்த மாத்திரையை வீட்டுக்குள் போடவே கூடாது. ஒன்று போட்டாலும் கூடாது, துணியில் முடிந்தாலும் கூடாது, கதவைச் சாத்தினாலும் கூடாது. சேலத்தில் விஷம் சம்பந்தப்பட்ட நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டு உங்கள் அரிசியைக் கெடுக்கும். அவ்வளவுதான். வண்டைக் கொல்ல வாங்கி வந்த பொருள் ஆளைக் கொல்லும்.

உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். அது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும்.

குடோனில் போடுவதும் வீட்டில் போடுவதும்

இந்த மாத்திரையே வண்டைக் கொல்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அது பாஸ்பின் என்ற வாயுவை வெளியிடுகிறது; கொல்வது அந்த வாயு. 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து சுமார் 1 கிராம் வாயு வரும். உங்கள் அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத்திரை முழுக்கக் கரைந்தால் அந்த அறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு பாஸ்பின் இருக்கும். வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்துக்கு 0.3 பங்குதான். 50 பங்கைத் தொட்டால் உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. எட்டு சிப்பத்துக்கு எட்டு மாத்திரை என்றால் கணக்கு 200-க்குப் போகிறது.

குடோனில் என்ன செய்கிறார்கள்? ஒரு டன் தானியத்துக்கு 3 மாத்திரை என்ற அளவில், பயிற்சி பெற்ற ஆட்கள், முகமூடி போட்டுக்கொண்டு வைக்கிறார்கள். அட்டியை வாயு கசியாத கனமான தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பாம்பு, அதாவது மணல் நிரப்பிய நீளப் பை, வைத்து அடைத்து, ஒரு வாரம் யாரும் கிட்டே போகாமல் விட்டு, பிறகு காற்றோட்டமாகத் திறந்து வைக்கிறார்கள். அங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை. உங்கள் வீட்டு 200 கிலோவுக்கு எட்டு மாத்திரை என்பது டன்னுக்கு நாற்பது. குடோன் அளவைப் போலப் பதின்மூன்று மடங்கு. ரேஷன் அரிசி உங்கள் கைக்கு வரும்போது வாயு போய்விட்டது, அதனால்தான் சாப்பிட முடிகிறது. பக்கத்து அறையில் வாயு வந்துகொண்டிருக்கும்போது தூங்குவது அதுபோல ஆகாது.

"காலையில் திறந்துவிட்டால் போய்விடும்" என்பது இரண்டாவது தப்புக் கணக்கு. மாத்திரை ஒரே ராத்திரியில் கரைந்து தீராது. இரண்டு மூன்று நாள் வாயு வந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊர்க் குளிரில் இன்னும் மெதுவாக, இன்னும் அதிக நாள். காலையில் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது வீட்டுக்குள் வரும், அவ்வளவுதான். அப்புறம், இந்த வாயு காற்றைவிடக் கொஞ்சம் கனம். கதவிடுக்கு, சுவர் வெடிப்பு, ஒயர் போகும் துளை எது கிடைத்தாலும் நுழையும். லைன் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நடுச்சுவர் பொது. ஓட்டுக்குக் கீழே சுவர் முழுசாக எழும்பியிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். பழைய லைன்களில் பெரும்பாலும் எழும்பியிருக்காது. நீங்கள் மாத்திரை போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டதாக அர்த்தம்.

வாசம் வந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார். பூண்டு வாசம் போல, அழுகின மீன் வாசம் போல வரும் என்பார்கள். அதை நம்ப முடியாது. வாசம் தெரியாமலேயே ஆபத்தான அளவு இருக்கக்கூடும், தூங்குகிறவருக்கு எந்த வாசமும் தெரியாது.

2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் நடந்தது உங்கள் கணவருக்கும் ஞாபகம் இருக்கலாம். எலித் தொல்லைக்காக ஒரு வீட்டில் மருந்து வைத்தார்கள். வைத்தது அந்தத் தொழில் செய்கிற ஆட்கள்தான். குடும்பம் ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தது. இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். பாஸ்பினுக்கு முறிவு மருந்து கிடையாது. நாங்கள் செய்வதெல்லாம் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான். கைக்குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு வாங்குகிறது, உடம்பும் சின்னது. பெரியவருக்குத் தலைவலியோடு போவது குழந்தைக்கு அப்படிப் போகாது.

ஒரு வீட்டில் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, வாந்தி, நெஞ்சு அழுத்தம், மூச்சிரைப்பு என்று வந்தால் எல்லாரும் "சாப்பாடு ஒத்துக்கல" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் அப்படிப் படுக்கவே கூடாது. எல்லாரும் உடனே வெளியே வந்து, பக்கத்து வீட்டாரையும் எழுப்பி, 108-ஐக் கூப்பிடுங்கள். எதையாவது எடுக்க மறுபடி உள்ளே போகாதீர்கள்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அரசு நிறுவனங்களுக்கும் அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களுக்கும்தான் விற்கலாம். வீட்டுக்காரர் கையில் கொடுத்தவர் செய்தது தப்பு. உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தவர் மேல் இருக்கிறது.

கையில் இருக்கும் டப்பா

இதில் அவசரப்பட்டுத் தவறு செய்யாதீர்கள். டப்பாவைத் திறக்க வேண்டாம். சாக்கடையில் போடுவது, தண்ணீரில் கரைப்பது, அடுப்பில் எறிவது, குழி தோண்டிப் புதைப்பது எதுவும் கூடாது. தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், தீப்பிடிக்கவும் கூடும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஆட்கள் தூங்காத, மழை படாத, காற்றோட்டமான வெளிக் கொட்டகையில் உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டத்து ஆபீசில் சொன்னால் உரக் கொட்டகையில் வைக்க இடம் கொடுப்பார்கள். பிறகு உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடமோ சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கீழே கொண்டுபோகாதீர்கள். முதலில் போனில் கேளுங்கள்.

எலிப் பசையும் அதே கொட்டகைக்குப் போகட்டும். டியூபில் மஞ்சள் பாஸ்பரஸ் என்று போட்டிருந்தால் அது தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். தடைக்குக் காரணம் இருக்கிறது. தேங்காய்ச் சில்லிலோ தக்காளியிலோ தடவி வைத்ததைப் பிள்ளை எடுத்து வாயில் வைத்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் வாந்தி, வயிற்றெரிச்சல். அடுத்த நாள் நன்றாக விளையாடும். "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும், கல்லீரல் செயலிழக்கும். நல்லா இருக்கிற அந்த ஒரு நாள்தான் ஏமாற்றுகிற நாள். யாராவது வாயில் வைத்தது தெரிந்தால், தெரிந்த அந்த மணி நேரமே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, முட்டை ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

அந்துருண்டை, போரிக் பவுடர், வசம்பு

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது ஒன்று. குழந்தைத் துணி அலமாரியில் இருக்கும் அந்துருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது நாப்தலின். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி குறைவாக இருக்கும்; நமக்கு வெளியே தெரியாது. அந்தக் குழந்தைக்கு அந்துருண்டை வாசம் ஏறிய துணியைப் போர்த்தினாலே ரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். துணிகளை ஒருமுறைக்கு இருமுறை அலசி, காற்றில் நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள். குழந்தை வெளுத்துப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூத்திரம் கட்டங்காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

சாமை டின்னில் போட்டது இன்னும் மோசம். உருண்டை கரைந்து வாசமாகத் தானியத்தில் ஏறுகிறது. அந்தச் சாமையைச் சமைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், யாராவது யோசனை சொல்வார்கள்: அரிசியில் போரிக் பவுடர் கலப்பது, பாதரச மாத்திரை போடுவது, டின்னைச் சுற்றிக் கரப்பான் சாக்பீஸ் கோடு இழுப்பது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுச் சாப்பாட்டுப் பொருளோடு இவை எதுவும் சேர வேண்டாம். வேப்பிலை, நொச்சி, வசம்பு, காய்ந்த மிளகாய் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் இவை பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், உள்ளே ஏற்கனவே இருப்பதைக் கொல்லாது. இலையை நிழலில் மொடமொடவென்று காய வைத்த பிறகே போட வேண்டும். மலையில் பாதி காய்ந்த வேப்பிலையைப் போட்டு, இலை ஈரத்தில் அரிசி பூசணம் பிடித்துப் போவதும் உண்டு.

வண்டு விழுந்ததைச் சாப்பிடலாமா

அரிசி வண்டு விஷமில்லை, நோயும் பரப்பாது. தெரியாமல் ஒன்றிரண்டு வெந்து வயிற்றுக்குள் போனால் ஒன்றும் ஆகாது. எட்டுச் சிப்பத்தையும் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சிப்பமாகத் திறந்து, சலித்து, புடைத்து, பிரித்துப் பாருங்கள். சில அரிசியில்தான் ஓட்டை என்றால் கழுவிச் சமைக்கலாம். கையில் எடுத்தால் மாவாக உதிர்கிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, புளித்த வாசம் வருகிறது என்றால் கோழிக்குப் போடுங்கள். நல்ல வெயிலில் போட்டால் வண்டு தானாக ஓடும், ஆனால் அரிசி வெடித்து நொய்யாகும். அதனால் இளவெயில் போதும். ஐப்பசியில் உங்கள் ஊரில் வெயிலே அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, சலிப்பதை வாரம் ஒருமுறை செய்தாலே பெரும்பகுதி தீரும்.

ஏன் வாரம் ஒருமுறை? வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து வாயை அடைத்துவிடுகிறது. புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வருகிறது. இன்றைக்குச் சலித்தால் வெளியே இருப்பதுதான் போகும். உள்ளே இருப்பது அடுத்த வாரம் வரும். உங்கள் குளிர் இதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அது உங்களுக்கு லாபம். மூடுபனி ஈரம்தான் நஷ்டம்.

பாசிப்பயறில் மேலே வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. அது பெரும்பாலும் காட்டிலேயே, காயின் மேல் வைத்த முட்டையிலிருந்து தொடங்கிப் பயறோடு வருவது, உங்கள் வீட்டு அழுக்கில் வந்ததில்லை. மாமியார் உங்களைக் குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள். முழுப் பயறில் வருகிற அளவு உடைத்த பருப்பில் வராது. அடுத்த முறை சேமிப்புக்குப் பருப்பாக வாங்குங்கள். முழுசாக வேண்டும் என்றால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ கையால் நன்றாகப் பிசறி வையுங்கள். முட்டை மூச்சடைத்துப் போகும். துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் நம் பக்கத்து வழக்கமும் நல்ல வழக்கம்தான்.

மாவில் சின்னச் சிவப்பு வண்டு பெருகி, மாவே லேசாகச் சிவந்து, நெடி அடித்தால் தூர எறியுங்கள். அந்த வண்டு வெளியிடும் பொருள் மாவையே கெடுக்கிறது, சலித்துப் பயனில்லை. நூல் கட்டிய ரவையும் அப்படியே. மைதா, ரவை, கோதுமை மாவு மூன்றும் சேமிப்புப் பொருளே இல்லை என்பது என் அபிப்பிராயம். ரவையை வாங்கின அன்றே வறுத்து வையுங்கள், மற்றதை மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள்.

பூசணம் மட்டும் வேறு விஷயம். கட்டி பிடித்து, பச்சையோ கறுப்போ படிந்து, முக்கல் வாடை அடிக்கும் அரிசியையும் நிலக்கடலையையும் கழுவினாலும் வறுத்தாலும் அதிலிருக்கும் நச்சு போகாது. அதைக் கோழிக்கும் போடாதீர்கள். மனிதனுக்கு மெதுவாகக் கல்லீரலைக் கெடுக்கிற அதே நச்சு, கோழிக் குஞ்சைச் சில நாளில் சாய்த்துவிடும்.

இவ்வளவு எதற்கு?

இப்போது நான் உண்மையாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். பெரியவர் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு நாளைக்கு இரண்டு கிலோ அரிசி தாராளம். 200 கிலோ என்பது நூறு நாளைக்கு. இருபது கொண்டை ஊசி வளைவில் எதில் மண் சரிந்தாலும் சில நாளில் ஒரு வண்டி போகிற அளவுக்காவது பாதையைத் திறந்துவிடுகிறார்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது. பதினைந்து நாள் தாங்கினால் போதும், அதற்கு 30 கிலோ. பயத்துக்கு இன்னும் 20 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு சிப்பம். மிச்சம் ஆறு சிப்பமும் வண்டுக்குப் போட்ட விருந்து. அந்த விருந்தைக் காப்பாற்றத்தான் விஷம் தேவைப்பட்டது. இரண்டு சிப்பத்தைக் காப்பாற்ற எந்த விஷமும் தேவையில்லை.

எப்படி வைப்பது? சாக்கில் வைக்காதீர்கள். மூடி இறுகும் எவர்சில்வர் டின்னோ, எலிக்கு எட்டாத இடம் என்றால் சுத்தமாகக் கழுவிக் காய வைத்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோ போதும். கழுத்து வரை, தட்டித் தட்டி, காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே ஒன்றிரண்டு வண்டு இருந்தாலும் இருக்கிற கொஞ்சக் காற்றைத் தீர்த்துவிட்டுச் சில வாரத்தில் செத்துவிடும். பாதி நிரம்பிய டின்னில் இது நடக்காது. தினமும் திறக்கிற டின்னிலும் நடக்காது. அதனால் அன்றாடத்துக்கு ஒரு டின், சேமிப்புக்குத் திறக்காத டின்கள் என்று பிரித்து, டின் மேல் வாங்கின மாதத்தை எழுதி, பழையதை முதலில் எடுங்கள். பழைய அரிசி மேல் புது அரிசியைக் கொட்டாதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். மலைச் சுவர் மழைக்காலம் முழுக்க ஈரம் கசியும். காலிச் சாக்குகளைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள். தையல் மடிப்பில்தான் அடுத்த வருஷத்து வண்டு காத்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் பக்கத்திலேயே விளைகிற கேழ்வரகு. அரிசி படுகிற பாட்டில் கால்வாசி கூடப் படாது. முழுத் தானியமாக, காய்ந்ததாக வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாமல் இருக்கும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் பெரியவர்கள் பஞ்சத்துக்கு அதை வைத்தது சும்மாவா? தோல் நீக்காத சாமையும் அப்படித்தான். பத்துக் கிலோ கேழ்வரகு வையுங்கள், கேழ்வரகு மாவு வேண்டாம்.

பாதை அடைபட்ட வீடுகளில் அரிசியைவிட முதலில் தீர்ந்து போவது வேறு: மாமியாருடைய பிரஷர், சர்க்கரை மாத்திரை, ஓஆர்எஸ் பாக்கெட், கேஸ், குடிதண்ணீர். ஆறு சிப்பத்துக்குப் போன பணத்தில் இதையெல்லாம் பதினைந்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கலாம். தண்ணீர் டிரம்மை மட்டும் இறுக்கி மூடி, வாரம் ஒருமுறை உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு வளர்வது அந்தச் சுத்தமான தண்ணீரில்தான்.

எலிக்கு மருந்து வேண்டாம், சிமெண்ட் போதும்

எலி அரிசியைத் தேடித்தான் வந்திருக்கிறது. அரிசி எவர்சில்வருக்குள் போனால் பாதி எலி தானாகப் போகும். பிளாஸ்டிக் டிரம்மைக் கடித்துவிடும். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழைகிற இடுக்கு போதும். கதவடியில் தகரப் பட்டை அடியுங்கள். குழாய், ஒயர் துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். சுவரோரம் அடுக்கிய விறகைத் தள்ளி அடுக்குங்கள், ஓட்டைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள். உள்ளே மாட்டியதற்குப் பொறி. சுவரை ஒட்டி, இரண்டு நாள் நாணேற்றாமல் சும்மா மசால் வடையோ சுட்ட தேங்காயோ வைத்துப் பழக்கிவிட்டு, மூன்றாம் நாள் நாணேற்றுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். கவரைக் கையில் மாட்டி எடுங்கள்.

இதை நான் வலியுறுத்துவது அரிசிக்காக இல்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் வருகிறது: கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள். எலி மேலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வருகிறது. மழைக்காலத்திலிருந்து குளிர்காலம் முடியும் வரை நம் மாவட்டத்தில் இதை நிறையப் பார்க்கிறோம். காபிச் செடிக்குள் நாள் முழுக்க நிற்கிற உங்கள் கணவர் மாதிரி ஆட்களுக்கு வாய்ப்பு அதிகம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த சின்னப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். காலத்தில் தெரிந்தால் விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே தீர்ந்துவிடும்.

கணவரிடம் பேசுவது

"நீங்கள் செய்தது தப்பு" என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று பயந்த மனிதர் அவர்; பயம் நியாயமானது, அளவுதான் கூடிவிட்டது. இந்த எண்களை அவரிடம் காட்டுங்கள். மேஸ்திரிக்குக் கணக்கு புரியும்: ஒரு மாத்திரைக்கு 25, எட்டுக்கு 200, ஆபத்து 50-லேயே. அதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால், மாத்திரை வீட்டுக்குள் வருகிற அன்று நாத்தனாரும் குழந்தையும் பிள்ளைகளும் வேறு வீட்டுக்குப் போவார்கள் என்று மாமியாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு நிற்காமல் பக்கத்து லைன் வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

நல்ல அரிசியாகத் தேறும் மிச்சச் சிப்பங்களை வைத்துக் காப்பாற்றப் போராட வேண்டாம். லைனில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கு வாங்கின விலைக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகையில் அவர்கள் வீட்டிலும் அரிசி இருந்தால், பாதை அடைபடுகிற அன்று உங்கள் வீட்டு டின்னை ஊரே தட்டாது.